பார் கவுன்சில் தேர்தலில் ஓட்டுப் போட 70 கிலோமீட்டர் போகத்தான் வேண்டுமா?

காவிரிக்கரை ஜூனியர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு தாலுகா கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணுகிறேன். 2021-ல் என்ரோல் ஆனேன், அதாவது வக்கீலாகப் பதிவு செய்தேன். எங்கள் பார் அசோசியேஷன் தேர்தலில் தவறாமல் ஓட்டுப் போடுகிறேன், அது மதிய இடைவேளையில் போய்ப் போட்டுவிட்டு வருகிற சமாச்சாரம். ஆனால் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் தேர்தல் எனக்கு இதுதான் முதல் தடவை. கடைசித் தேர்தல் 2018 மார்ச்சில் நடந்தபோது நான் லா காலேஜில் இருந்தேன்.

எனக்கு ஓட்டு மாவட்டத் தலைநகரில். போக 70, வர 70 கிலோமீட்டர். அன்றைக்கு இரண்டு கேஸில் குறுக்கு விசாரணை இருக்கிறது, வாய்தா வாங்கினால் கட்சிக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். போன வாரம் முழுக்க வேட்பாளர்கள் வந்து கும்பிட்டுக் கார்டு கொடுத்துவிட்டுப் போனார்கள், என் மேஜை டிராயரில் முப்பது நாற்பது கார்டு கிடக்கிறது. அதில் பாதிப் பேர் யாரென்றே தெரியாது. சீனியரிடம் கேட்டால் "நம்ம ஆளுக்கு ஒன்று போடு, மற்றதெல்லாம் உன் இஷ்டம்" என்கிறார். நான் போடாமல் விட்டால் என்ன ஆகிவிடும், போட்டால்தான் என்ன ஆகும், அதை யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள். பார் கவுன்சில் நம் அன்றாடத் தொழிலுக்குள் எங்கே வருகிறது என்பதே எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

முப்பதாண்டு சிவில் எழுதியது:

தம்பி, நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது நல்லது. இதே கேள்வி மனசில் இருந்தும் வாய் திறக்காத ஜூனியர்கள் நிறையப் பேர்.

முதலில் அசோசியேஷனையும் கவுன்சிலையும் பிரித்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் நாம் சந்தா கட்டிச் சேர்கிற சங்கம், பிடிக்காவிட்டால் விலகலாம். கவுன்சில் அப்படி இல்லை. 1961-ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் உண்டாக்கிய அமைப்பு அது. உங்கள் பெயரை ரோலில், அதாவது வழக்கறிஞர் பதிவேட்டில், ஏற்றியது அதுதான், நாளைக்கு உங்கள் மேல் ஒரு புகார் வந்தால் விசாரித்து, கண்டிக்கவோ, கொஞ்ச காலம் கவுனைக் கழற்றி வைக்கச் சொல்லவோ, ரோலிலிருந்து பெயரையே அடிக்கவோ அதிகாரம் உள்ளதும் அதுதான். வழக்கறிஞரை வழக்கறிஞர்களே நெறிப்படுத்த வேண்டும், அரசாங்கத்தின் கையில் அது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் உறுப்பினர்களைத் தேர்தல் வைத்து எடுக்கிறோம். மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் பதவி வழியாக வருகிறார், மற்றபடி பெரும்பாலோர் நம் ஓட்டில் வருகிறவர்கள்.

எங்கே வருகிறது என்று கேட்டீர்கள். உங்கள் என்ரோல்மென்ட் ஃபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் 24-வது பிரிவு சொல்வது மாநில கவுன்சிலுக்கு 600, இந்திய கவுன்சிலுக்கு 150, ஆக 750 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 125. ஆனால் நாடு முழுக்க மாநிலத்துக்கு மாநிலம் அது நிதி, இது நிதி என்று தலைப்புப் போட்டு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். 2024 ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில், சட்டம் சொன்னதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. கூலி வேலை செய்து படிக்க வைத்த வீட்டுப் பையனுக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய காசு என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஃபீஸை ஏற்றியது வானத்திலிருந்து வந்தவர்கள் இல்லை, அந்தந்த மாநிலத்தில் நம்மைப் போன்றவர்கள் ஓட்டுப் போட்டோ போடாமல் வீட்டில் இருந்தோ அனுப்பி வைத்த உறுப்பினர்கள்தான். கவுன்சிலுக்குள்ளேயே நாலு பேர் எழுந்து "இது சட்டத்தில் இல்லையே" என்று கேட்டிருந்தால் டெல்லி வரை போயிருக்க வேண்டாம்.

அப்புறம் ஜூனியர் ஸ்டைபண்ட், அதாவது சீனியர் தன் ஜூனியருக்கு மாதா மாதம் கொடுக்கிற தொகை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 கொடுக்க வேண்டும் என்று சீனியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி நம் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை விட்டது, ஆனால் சிபாரிசாக. உங்கள் கையில் மாதம் எவ்வளவு வருகிறது என்று நான் கேட்கவில்லை, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்றறிக்கை காகிதமாகவே கிடக்குமா, அதைக் கேட்கிறவர் யாராவது உள்ளே இருப்பாரா என்பதை இந்த ஓட்டுதான் முடிவு செய்யும்.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. மாநில கவுன்சில் உறுப்பினர்கள் கூடித் தங்களில் ஒருவரை இந்திய பார் கவுன்சிலுக்கு அனுப்புகிறார்கள். லா காலேஜ்களின் தரம், ஆல் இந்தியா பார் எக்ஸாம், தொழில் நடத்தை விதிகள் எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. நீங்கள் எழுதிப் பாஸ் பண்ணிய அந்த எக்ஸாமைக் கொண்டுவந்ததே அவர்கள்தான், 2023-ல் அரசியல் சாசன அமர்வு அந்த அதிகாரத்தை உறுதிப்படுத்தியது. உங்கள் மாவட்டத் தலைநகரில் முதல் விருப்பமாக நீங்கள் எழுதும் "1" டெல்லி வரை போகிறது.

வைகைக்கரை எழுதியது:

சார் சொல்வது சட்டப் புத்தகத்தில் உள்ளது. நடப்பு வேறு. கல்யாண மண்டபத்தில் விருந்து, ஊர் ஊராக வேன், சாதி வாரியாகக் கணக்கு, கட்சி வாரியாகக் கணக்கு. தகுதி பார்த்து ஓட்டுப் போடுகிறவனை நான் பார்த்ததே குறைவு. ஐந்து வருஷப் பதவி, 2018-ல் வந்தவர்களுக்கு 2023-ல் முடிந்திருக்க வேண்டும். வக்கீல்களின் சான்றிதழ் சரிபார்ப்பு முடியவில்லை என்று நீண்டுகொண்டே போய், கடைசியில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தேதி குறித்த பிறகுதான் தேர்தல் வருகிறது. பதவிக்காலம் முடிந்தால் இறங்க வேண்டும் என்பதே நடக்காத இடத்தில் என் ஒரு ஓட்டு என்ன செய்யும்? நான் போன தடவையும் போடவில்லை, இந்தத் தடவையும் கோர்ட்டில் வேலையைப் பார்க்கப் போகிறேன். போடாமல் இருப்பதும் ஒரு எதிர்ப்புதான்.

எண்ணிக்கை மேஜை எழுதியது:

வைகைக்கரை நண்பரே, உங்கள் கோபம் நியாயம், ஆனால் கணக்குத் தப்பு. போன தடவை ஒரு வேட்பாளருக்கு ஏஜென்ட்டாக வாக்கு எண்ணிக்கையில் பல நாள் உட்கார்ந்திருந்தேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

இது எம்.எல்.ஏ. தேர்தல் மாதிரி அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்பது இல்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவம், மாற்றத்தக்க ஒற்றை வாக்கு. ராஜ்யசபா தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் போடுகிற முறைதான். உங்களுக்கு ஒரே ஒரு ஓட்டு, ஆனால் அதில் 1, 2, 3 என்று வரிசை எழுதலாம். ஜெயிக்கத் தேவையான கோட்டா எப்படி வருகிறது என்றால், செல்லுபடியான மொத்த ஓட்டை, இடங்களோடு ஒன்றைக் கூட்டி அதால் வகுத்து, வந்ததோடு ஒன்று சேர்க்க வேண்டும். புரிவதற்காக ஒரு எண் வைத்துக்கொள்வோம். 26,000 ஓட்டு செல்லுபடி, 25 இடம் என்றால் 26-ஆல் வகுத்து 1,000, கூட ஒன்று, 1,001. அவ்வளவுதான். இந்த முறை சில இடங்கள் நியமனத்துக்குப் போவதால் எண் கொஞ்சம் மாறும், அடிப்படை அதேதான்.

இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். நூற்றுக்கு நாலு பேர் ஒன்று சேர்ந்தால் ஒருவரை உள்ளே அனுப்பிவிடலாம். பெரிய குழு மொத்த இடத்தையும் அள்ளிக்கொண்டு போக முடியாதபடி செய்த முறை இது. ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட ஜூனியர்கள் மட்டும் "ஸ்டைபண்ட் விஷயத்தில் எழுந்து பேசுகிறவருக்குத்தான் எங்கள் 1" என்று ஒற்றுமையாக முடிவு எடுத்தால் ஒருவரில்லை, இரண்டு மூன்று பேரை அனுப்பலாம். விருந்து வைக்கிறவர்களும் இந்தக் கணக்கை நன்றாகத் தெரிந்துதான் வைக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பெரும்பான்மை இல்லை, வேனில் ஏற்றிக் கொண்டுவரக்கூடிய அந்த நாலு சதவீதம்தான். நீங்கள் வீட்டில் இருந்தால் மொத்த ஓட்டு குறைகிறது, கோட்டாவும் குறைகிறது, அவர்கள் ஏற்றி வரவேண்டிய வேன் எண்ணிக்கையும் குறைகிறது. உங்கள் எதிர்ப்பால் அவர்களுக்கு லாபம்தான்.

கடைசி இடங்கள் எப்படி முடிவாகின்றன என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் என் மனசு மாறியது. குறைந்த ஓட்டு வாங்கியவரை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் 2 யாருக்கு என்று பார்த்து அவர் கட்டில் சேர்ப்பார்கள். அவரும் ஏற்கனவே ஜெயித்திருந்தாலோ நீக்கப்பட்டிருந்தாலோ 3-ஐப் பார்ப்பார்கள். நூற்றுக்கும் மேல் வேட்பாளர் என்றால் சுற்று மேல் சுற்று, நாள் மேல் நாள். கடைசி ஐந்தாறு இடத்துக்கு வரும்போது இரண்டு கட்டுகளுக்கு நடுவே வித்தியாசம் சின்னதாகிக்கொண்டே வரும். ஒரு சீட்டைப் புரட்டி, "இதில் ஏழாவது யார்?" என்று கேட்டபோது மேஜையைச் சுற்றி நின்ற பத்துப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். யாரோ ஒரு வக்கீல் போகிற போக்கில் எழுதிய 7 அது. கார்டு குவிந்து கிடக்கிறது என்கிற ஜூனியர் தம்பிக்கு இதைத்தான் சொல்வேன். தெரிந்த ஒருவருக்கு 1 போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், நல்லவர் என்று நம்புகிறவர்களுக்கு வரிசையாக எழுதுங்கள். 2, 3 எழுதினால் உங்கள் 1-க்குக் கொஞ்சம்கூடக் கேடு வராது. அவருக்குத் தேவைப்படாதபோதுதான் அடுத்தவரைப் பார்ப்பார்கள்.

செல்லாத ஓட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், ஆனாலும் அந்தக் கட்டைப் பார்த்தால் வயிறு எரியும். எண்ணுக்குப் பதிலாக டிக் அடித்தது, இரண்டு பேருக்கு 1 போட்டது, ஒரே பெயருக்கு எதிரே 1 எழுதி அதன் மேலேயே 3 எழுதியது, கீழே பழக்க தோஷத்தில் கையெழுத்துப் போட்டது. ஒரு சீட்டில் மேலே அழகாகப் பிள்ளையார் சுழி! வக்காலத்தில் போட்டுப் பழகிய கை. ஓட்டுப் போட்டவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தக் குறியும் சீட்டில் இருக்கக் கூடாது, அதனால் அதைத் தள்ளி வைத்தார்கள். அவரும் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்துதானே போட்டிருப்பார். சீட்டு நீளமானது, பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். யாருக்கு என்ன எண் என்று வீட்டிலேயே மனசில் வரிசைப்படுத்திக்கொண்டு போங்கள், சீட்டிலோ சாவடியிலோ ஒட்டியிருக்கிற குறிப்பை ஒரு தடவை முழுக்கப் படியுங்கள், நிதானமாக எழுதுங்கள்.

குடும்ப நீதிமன்ற வாசல் எழுதியது:

பெண் வழக்கறிஞர்கள் சார்பாக நானும் சொல்கிறேன். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநில பார் கவுன்சில்களில் பெண்களுக்கு 30 சதவீத இடம் வேண்டும் என்று சொன்னது, இந்தத் தடவை 20 சதவீதம் தேர்தலில், 10 சதவீதம் நியமனத்தில். லா காலேஜில் பாதிக்குப் பாதி பெண்கள் படிக்கிறோம், கவுன்சிலில் மட்டும் எத்தனையோ வருஷமாக ஒருவர் இருவரைத் தேட வேண்டியிருந்தது. சரி, இடம் வந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தில் உட்காரப் போவது யார்? பத்துப் பதினைந்து வருஷம் குடும்ப நீதிமன்றத்திலும் மகிளா கோர்ட்டிலும் நின்று பழகியவரா, அல்லது ஏதோ ஒரு பெரிய குழுவுக்குப் பெயர் கொடுக்க வந்தவரா? அதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் போகாவிட்டால் வேறு யாராவது முடிவு செய்வார்கள்.

என் தோழிகள் நிறையப் பேர் கல்யாணம், குழந்தை என்று இரண்டு மூன்று வருஷம் கோர்ட்டுக்கு வராமல் இருந்து திரும்பி வந்தவர்கள். பிராக்டிஸ் சரிபார்ப்புப் படிவம் கொடுக்காததால் பட்டியலில் பெயர் இல்லை என்று கடைசி நாளில் தெரிந்துகொண்டு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்த ஊர்ச் சாவடி என்று பாருங்கள். என்ரோல்மென்ட் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

கட்சிக்காரர் மகள் எழுதியது:

நான் வக்கீல் இல்லை, எனக்கு ஓட்டும் இல்லை. இந்த உரையாடலைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா லாரி மோதி இறந்துபோனார். நஷ்டஈட்டு வழக்கை எடுத்த வக்கீல் (பெயர் வேண்டாம்) வருகிற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு தனக்கு என்று அம்மாவிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார். வழக்கின் முடிவைப் பொறுத்து பங்கு பேசுவது வக்கீல்களின் நடத்தை விதியிலேயே தடை செய்யப்பட்டது என்று எங்களுக்கு யார் சொல்வார்? ஊரில் எல்லோரும் "வக்கீல் மேலேயே கேஸ் போடப் போகிறாயா" என்று பயமுறுத்தினார்கள். பக்கத்து வீட்டு ரிட்டயர்ட் வாத்தியார்தான் புகார் எழுதிக் கொடுத்தார்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன்னால் போய் நின்றபோது மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அதில் இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளப்பட்ட மூத்த வக்கீல் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குக் கை நடுங்கியது. நடுவில் இருந்தவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "அம்மா, நீங்கள் உட்காருங்கள், அவசரமே இல்லை, அன்றைக்கு என்ன நடந்ததோ அதை உங்கள் பாஷையில் சொல்லுங்கள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அம்மா பேசினார். அந்த வக்கீல் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், அதை வைத்துத்தான் தம்பி டிப்ளமோ முடித்தான்.

அந்த மேஜைக்குப் பின்னால் தன் குழு ஆளைக் காப்பாற்ற நினைக்கிற ஒருவர் உட்கார்ந்திருந்தால் எங்கள் கதி என்ன ஆகியிருக்கும் என்று பல ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்களைப் போன்ற கட்சிக்காரர்களுக்கு அங்கே உட்காருகிறவரைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது. கும்பிட்டுக் கேட்கிறேன், போய்ப் போடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மேலே அந்தத் தங்கை எழுதியதைப் படித்தேன். ரொம்ப நேரம் பதில் எழுத வரவில்லை. விருந்து, வேன் பற்றி நான் சொன்னது எதையும் திரும்பப் பெறவில்லை, அது உண்மை. ஆனால் நான் போகாததால் கோட்டா குறைகிறது என்று இதுவரை யோசித்ததில்லை. எண்ணிக்கை மேஜை சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். யாருக்கு ஓட்டு என்று எதை வைத்து முடிவு பண்ணுவது? எல்லாக் கார்டிலும் "வழக்கறிஞர் நலன் காப்போம்" என்றுதான் இருக்கிறது.

எண்ணிக்கை மேஜை எழுதியது:

கார்டை விடுங்கள், ஆளைக் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வரும்போது நாம் கும்பிட்டு அனுப்பிவிடுகிறோம், அங்கேதான் தப்பு. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் சேம்பரில் எத்தனை ஜூனியர், அவர்களுக்கு மாதம் என்ன கொடுக்கிறீர்கள்? புகார் வந்தால் ஒரு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்திய கவுன்சிலுக்கு மாறிவிடும் என்று சட்டம் சொல்கிறதே, அதற்கு என்ன செய்வீர்கள்? சேமநல நிதிக்கு நாங்கள் வக்காலத்துக்கு வக்காலத்து ஸ்டாம்ப் ஒட்டுகிறோம், அதன் வரவு செலவை வருஷா வருஷம் எல்லோர் பார்வைக்கும் வைப்பீர்களா? முதல் கேள்விக்கே பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். மாற்றாதவர்களின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே உறுப்பினராக இருந்தவர் மறுபடி நின்றால், போன தடவை எந்தக் கமிட்டியில் இருந்தார், என்ன செய்தார் என்று கேட்பது நம் உரிமை.

இன்னொன்று, உறுப்பினர்களில் ஏறத்தாழப் பாதிப் பேராவது பத்து வருஷ அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. மீதிப் பாதியில் இளையவர்கள் வரலாம். அதை நாமே மறந்துவிட்டு நரைத்த தலைகளாகப் பார்த்து எண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காவிரிக்கரை ஜூனியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கட்சிக்காரர் மகள் அக்கா எழுதியதை எங்கள் ஹாலில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பட்டியலில் தேடிப் பார்த்தேன், பெயர் இருக்கிறது. என்னோடு என்ரோல் ஆன இரண்டு பேருக்கு இல்லை, ஒருத்தி படிவமே கொடுக்கவில்லையாம், அவளுக்கு என்ன வழி என்று நாளைக்கு விசாரிக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் ஒன்றை மட்டும் வாய்தாவுக்குக் கேட்கப் போகிறேன். கட்சிக்காரரிடம் காரணத்தைச் சொன்னேன், அவர் "உங்க சங்கத்து எலெக்ஷனா?" என்றார். இல்லை, நாளைக்கு நான் உங்களை ஏமாற்றினால் என்னை விசாரிக்கப் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிற எலெக்ஷன் என்றேன். அப்படியானால் போய்ட்டு வாங்க என்றுவிட்டார்.

டிராயரில் கிடந்த கார்டுகளை எடுத்து மேஜையில் பரப்பி வைத்திருக்கிறேன். நேற்று சாயங்காலம் ஒரு வேட்பாளர் வந்தார், ஸ்டைபண்ட் கேள்வியைக் கேட்டேன். மூன்று ஜூனியர் என்றார், ஆளுக்கு எவ்வளவு என்றும் சொன்னார், வேண்டுமானால் அவர்களையே கேட்டுக்கொள் என்று நம்பரும் கொடுத்தார். இன்றைக்கு ராத்திரி அவர்களுக்குப் போன் போடப் போகிறேன். காலையில் ஆறு மணி பஸ்ஸுக்கு எங்கள் கோர்ட்டிலிருந்து ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். பக்கத்துத் தாலுகாவில் யாராவது வருவதாக இருந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு ஐந்தே முக்காலுக்கு வந்துவிடுங்கள்.